பத்து நிமிடத்தில் கறுக்கும் மருதாணி எங்கும் விளையவில்லை

நரைக்கு மருதாணி போடலாமா என்று தூத்துக்குடியில் யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "இலை மருதாணி நமக்குச் சரிப்படாது. தலை செம்பட்டையாகிவிடும், அரைநாள் போய்விடும், இந்த உப்புத் தண்ணீரில் ஒன்றும் பிடிக்காது" என்பது ஒன்று. "அதுதான் கறுப்பு மருதாணி என்றே பாக்கெட்டில் வருகிறதே. தண்ணீரில் குழைத்துப் பூசினால் பத்து நிமிடத்தில் கருகருவென்று ஆகிவிடும். எல்லாம் மூலிகைதான்" என்பது மற்றொன்று. துறைமுகத்தில் அதிகாரியாக இருப்பவரும் இதைச் சொல்கிறார், உப்பளத்தில் உப்பு வாருகிறவரும் இதைச் சொல்கிறார். முதல் பதில் பாதி உண்மையை வைத்துக்கொண்டு மருதாணியை முழுதாகத் தள்ளிவிடுகிறது. இரண்டாவதில் உண்மையே இல்லை. முதலாவதை நம்பியவர்கள்தான் இரண்டாவதில் போய் விழுகிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

மருதாணி இலையில் சாயம் தருகிற பொருளுக்கு லாசோன் என்று பெயர். காய்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்குதான் அது இருக்கும். அதன் நிறம் செம்மஞ்சள். முடியிலும் நகத்திலும் தோலிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தோடு அது மெதுவாகப் பிணைந்து சிவக்கிறது. ஓரிரு நாளில் அந்தச் சிவப்பு கொஞ்சம் முற்றுகிறது. அதற்குமேல் மருதாணியால் ஆகாது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் சோஜத் என்ற ஊரில் விளைந்து, 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய மருதாணியானாலும் சரி, நம் வீட்டு வேலியோரம் தண்ணீர் கேட்காமல் நிற்கிற மருதாணியானாலும் சரி, தனியாகக் கறுப்பைத் தராது. அரை மணி நேரத்துக்குள் நிறம் பிடிப்பதும் அதன் குணம் இல்லை. ஆகவே ஒரு பொடி பத்து நிமிடத்தில் நரையைக் கறுப்பாக்குகிறது என்றால், அந்த வேலையைச் செய்வது மருதாணி இல்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எத்தனை இலை வரைந்திருந்தாலும், ஆம்லா, சீயக்காய், கரிசலாங்கண்ணி என்று எத்தனை பெயர் அடுக்கியிருந்தாலும் இதுதான் நிலை.

அப்படியானால் கறுப்பது எது? பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். இப்படி விற்கிற கறுப்புப் பொடிகளில் பெரும்பாலானவற்றில் பாரா பினைலீன்டையமின் என்ற பெயர் இருக்கும். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கூடவே பேரியம் பெராக்சைடோ சோடியம் பெர்போரேட்டோ இருக்கும். தண்ணீர் பட்டதும் இந்த இரண்டாவது பொருள் ஆக்சிஜனை வெளிவிட, முதல் பொருள் முடிக்குள் கறுப்பாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் ஆராய்ச்சிகள் ஐரோப்பாவில் நடந்த காலத்தில் முடிச்சாயமாக வந்த பொருள் இது. இன்று பெட்ரோலிய வழியில் தயாராகிறது. இதில் மூலிகை எங்கே இருக்கிறது? மருதாணிப் பொடி அந்தப் பாக்கெட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிறத்துக்காக இல்லை, பெயருக்காக இருக்கிறது.

இதை நானாகக் கிளப்பிவிடவில்லை. அரசே எழுதி வைத்திருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளிலேயே பி.பி.டி. கலந்த முடிச்சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாகலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், கண்ணிமைக்கோ புருவத்துக்கோ பூசக் கூடாது, பூசினால் கண்பார்வை போகலாம் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும், உள்ளுறையிலும் வெளியுறையிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. பார்வை போகலாம் என்று சட்டம் எச்சரிக்கிற ஒரு பொருளை, "மூலிகைதானே" என்று அறுபது வயது அம்மாவின் தலையில் பூசுகிறோம். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் குறிப்பும் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொறுத்துப் பார்த்த ஒரு வீட்டை எனக்குக் காட்டுங்கள். மூலிகை என்ற சொல் அந்தச் சோதனையைத் தேவையில்லாததாக்கிவிடுகிறது. நான் இந்தப் பாக்கெட்டுகள்மேல் கோபப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பி.பி.டி. ஒவ்வாமை முதல் நாளே வந்துவிட்டால் பிழைத்தோம் என்று விட்டுவிடலாம். அது அப்படி வருவதில்லை. எட்டு வருடம், பத்து வருடம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். பூசிய அன்று தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நெற்றியோரம் அரிக்கும், காதுமடல் நீர் கோத்து வடியும், கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியாமல் போகும். சிலருக்கு இத்தனை வேகமாக வராமல், நெற்றியும் கன்னத்துப் பக்கவாட்டும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். "வெயில் கறுப்பு" என்று நினைத்து அதற்கு வேறு க்ரீம் வாங்குவார்கள். ஒருமுறை உடம்பு இந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2006-க்கான ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் ஆகிய நாடுகள் 20-ஆம் நூற்றாண்டில் முடிச்சாயத்தில் இதைத் தடைசெய்தே வைத்திருந்தன. பிறகு ஐரோப்பா அளவைக் கட்டுப்படுத்தி அனுமதித்தது. தலையில் பூசும்போது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய வரம்பு. கல்யாண வீடுகளில் பிள்ளைகள் கையில் "கறுப்பு மெஹந்தி" என்று வரைகிறார்களே, அதிலும் கலப்பது இதையேதான். கொப்புளம் கிளம்பி, வரைந்த பூவே தழும்பாக நின்ற குழந்தைகள் உண்டு. அப்படி ஒவ்வாமை ஏறிய பிள்ளை, பெரியவனாகித் தலைக்கு டை போடுகிற நாளில் மறுபடி அகப்படும்.

இந்தக் கறுப்புச் சாயத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் நாக்கும் கழுத்தும் வீங்கி மூச்சு அடைபடும். தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் நின்றுபோகும். தொண்டையில் துளையிட்டு மூச்சு கொடுத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு, காப்பாற்ற முடியாமல் போனவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பொருள் மூலிகை என்ற பெயரோடு குளியலறை மாடத்தில், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கிடக்கிறது.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களையும் ஒரு வார்த்தை கண்டிக்க வேண்டும். டை போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் இந்த வாதத்தைக் கெடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டில் தன் தலைக்குச் சாயமிடுவது புற்றுநோய் உண்டாக்குமா என்பதை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே முகமை, சிகையலங்காரத் தொழில் செய்பவர்களுக்கு அந்தத் தொழிலில் நேரும் தொடர்பு "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் வைத்திருக்கிறது. நமக்கு மாதம் ஒரு முறை, சலூன்காரருக்குத் தினமும் பல முறை. ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு சலூனில் போய் அவர் கையைப் பாருங்கள். விரலிடுக்கு வெடித்திருக்கும், நகம் கறுத்திருக்கும். கையுறை போட்டால் தண்ணீர்க் கையில் கத்தரிக்கோல் வழுக்கும் என்று கழற்றி வைத்திருப்பார். "அண்ணாச்சி, ஒருத்தருக்கு இலை போட்டு உக்கார வச்சா அந்த நேரத்துல நாலு தலை முடிச்சிருவேன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் கணக்கு சரியானது. பாக்கெட் டை ஊரைப் பிடித்ததற்கு அழகைவிட நாற்காலிதான் காரணம். அதனால்தான் நான் மருதாணியைச் சலூனுக்குச் சிபாரிசு செய்யவில்லை. அது வீட்டு வேலை, வீட்டு நேரத்தில் செய்ய வேண்டியது.

செயற்கையான எதையுமே ஒதுக்கு என்பதும் என் கட்சி இல்லை. இந்த ஊரில் அப்படிப் பேசவும் முடியாது. மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகள் பொய்த்துப்போய் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத நிலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கூடத்தில் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி 1973-ல் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை உருவாக்கிக் காட்டினார். அதை வளர்ப்பு முத்து என்றுதான் சொன்னார்கள். மூச்சடக்கிக் கடலுக்கடியில் குளித்தெடுத்த முத்து என்று சொல்லவில்லை. வாங்குகிறவனுக்கு எது எது என்று தெரிந்தது, விலையும் அதற்குத் தக்கபடி இருந்தது. பி.பி.டி. சாயத்தையும் ரசாயனச் சாயம் என்று பெயர் சொல்லி விற்கட்டும். தெரிந்து வாங்குகிறவர் சோதித்துப் பார்த்துப் பூசிக்கொள்ளட்டும். நான் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். மருதாணியின் பெயரைத் திருடி அதன் முதுகில் ஏறி வருவதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி முதல் பதிலுக்கு வருகிறேன். செம்பட்டையாகிவிடும் என்கிறார்கள். ஆம், மருதாணியை மட்டும் போட்டால் வெள்ளை முடி செம்மஞ்சளாகும். பக்கத்தில் காயல்பட்டினத்தில் தாடிக்கு மருதாணி இட்ட பெரியவர்களைப் பாருங்கள். அந்த நிறத்தை அவர்கள் மறைக்கவில்லை. நரைக்கு மருதாணி இடுவது இஸ்லாமிய மரபில் போற்றப்படும் வழக்கம். அந்த நிறம் அங்கே முதுமையின் கண்ணியம். அதைச் சொல்லிக் கறுப்பு கேட்பவரின் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் வயது தெரியக் கூடாது என்று நினைக்கிறவருக்கு அவருடைய காரணம் உண்டு. அவருக்கும் செடியிலிருந்தே வழி இருக்கிறது. அதன் பெயர் அவுரி.

அவுரி இலைதான் நீலச் சாயத்தின் தாய். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-ல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, இந்தியாவில் அவுரி விளைத்தவர்களின் பிழைப்பைக் கெடுக்கும்வரை உலகத்துக்கு நீலத் துணி கொடுத்தது இந்தச் செடிதான். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிரிட்டு, இலைப்பொடியாகவும் நீலமாகவும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலில் மருதாணி, அலசிய பிறகு அதன்மேல் அவுரி என்று இரண்டு தடவையாகப் போட்டால், சிவப்பின்மேல் நீலம் ஏறிக் கறுப்பாகும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையாகப் போட்டால் பழுப்புதான் வரும். "நானும் போட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் மருதாணியை மட்டும் போட்டவர்கள், அல்லது இரண்டையும் ஒன்றாகக் குழைத்தவர்கள்.

செய்முறையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் மருதாணிமேல் விழுந்த பழியெல்லாம் செய்முறைப் பிழையால் விழுந்தது. தோள்வரை முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடி போதும். நரை வேரில் மட்டும் என்றால் பாதி. வெதுவெதுப்பான தேயிலை டிகாஷனில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து இரவு மூடி வைக்க வேண்டும். லாசோன் இலையை விட்டு வெளியே வர அத்தனை நேரம் ஆகும். காலையில் மேல்பரப்பு பழுப்பாகியிருக்கும், கரண்டியால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். அதுதான் பக்குவம். இரும்புச் சட்டியில் வைத்துக் கடுக்காய்ப் பொடியும் சேர்ப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருமை கொடுக்கும். அந்தக் காலத்து எழுத்து மை அப்படித்தான் செய்தார்கள். முட்டையும் தயிரும் வேண்டாம். முடியின் புரதத்தில் போய் ஒட்ட வேண்டிய சாயத்தைக் கிண்ணத்திலேயே அவை வாங்கிக்கொள்ளும், வாடையும் மிச்சம். எண்ணெய் இல்லாத தலையில் பூசி மூன்று மணி நேரம் வைத்து, ஷாம்பு போடாமல் அலச வேண்டும்.

அவுரிக்கு நேர்மாறான கை வேண்டும். அதை ஊறப்போடக் கூடாது. ஒரு சிட்டிகை உப்போடு வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். எலுமிச்சை ஒரு சொட்டுக்கூடக் கூடாது. குழைத்ததும் வெந்த கீரை வாசம் வரும். கிண்ணத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால் பசும்பச்சையாக இருந்த மேல்பரப்பில் நீலக் கருமை படர்வது தெரியும். இலைக்குள் நிறமில்லாமல் இருந்த பொருள் தண்ணீரில் பிரிந்து, காற்றுப் பட்டு நீலமாகிற வேலை அது. கிண்ணத்திலேயே அந்த வேலை முடிந்துவிட்டால் முடிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்து அலசினால் முடி பச்சையாகத் தெரிந்து பயமுறுத்தும். பயப்படாமல் இரண்டு நாள் ஷாம்பு போடாமல் விட்டால் கறுத்துவிடும். பச்சையைப் பார்த்து அன்றைக்கே தேய்த்துக் குளித்தவர்கள்தான் அவுரி பொய் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிழையும் இருக்கிறது. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் நிலாவரை விளைகிறது. திருநெல்வேலி சென்னா என்று உலக மருந்துச் சந்தையில் பெயர் வாங்கிய மலமிளக்கி இலை அது. நம் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறுகிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி அதில் தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோதும் அந்த இலைக்குத் திருநெல்வேலிப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த நிலாவரையையும் நம் பக்கத்தில் அவுரி என்று சொல்லும் வழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி என்று பொதுவாகக் கேட்டால் இது கைக்கு வரலாம். தலையில் பூசினால் முடிக்குக் கெடுதி இல்லை, கறுப்பும் இல்லை. வெள்ளை முடியில் இலேசான மஞ்சள் ஒட்டினால் உண்டு. வெளிநாட்டில் இதன் உறவுச் செடியின் இலையை "நிறமில்லாத மருதாணி" என்று விற்கிறார்கள். நீலம் எடுக்கிற அவுரி வேண்டும் என்று விளக்கிக் கேட்க வேண்டும். வாங்கிய பொடியை வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை போட்டு நனைத்துப் பார்த்தால், அரை மணியில் ஓரம் நீலம் கட்டும். நீலம் கட்டாவிட்டால் அது நிலாவரையோ பழைய சரக்கோதான்.

உப்புத் தண்ணீர் வாதத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, பெரிய மிகையும் இருக்கிறது. கரையோரத்துப் போர்த் தண்ணீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, முடி வைக்கோலாகும். ஆனால் குழைப்பதற்கு வேண்டியது இரண்டு டம்ளர் தண்ணீர். வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர் இந்த ஊரின் குழாயில் வருகிறது. குடிக்கிற தண்ணீரில் குழைத்துக்கொண்டு, அலசுவதற்கு மட்டும் போர்த் தண்ணீர் என்றால் சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. மேலும் இதே போர்த் தண்ணீரில்தான் டை போட்ட தலையும் அலசப்படுகிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

சளி பிடிக்கும் என்பது இன்னொரு தடை. ஈரத் தலையோடு மூன்று மணி நேரம் இருந்தால் சிலருக்குத் தலைபாரம் வரத்தான் செய்யும். அப்படிப்பட்டவர்கள் மருதாணியை ஒரு நாளும் அவுரியை மறுநாளும் போடலாம், மொட்டை வெயில் நேரத்தில் போடலாம். வருடத்தில் பெரும்பகுதி வெயில் காய்கிற ஊர் இது. இதற்குக்கூட அந்த வெயிலைப் பயன்படுத்தாவிட்டால் எப்படி? நேரத்தைப் பொறுத்தவரை, மூன்று மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தலையில் பழைய துணியைக் கட்டிக்கொண்டு மீன் கழுவலாம், சோறு வடிக்கலாம், துணி துவைக்கலாம். முதல் முறைதான் முழுத் தலைக்கு. லாசோன் ஒட்டிய முடி வெளுப்பதில்லை என்பதால் அடுத்தடுத்த முறைகளில் புதிதாக முளைத்த வேருக்கு மட்டும் போட்டால் போதும்.

குப்பையையும் பேசாமல் விட முடியாது. ஷாம்பு பாக்கெட்டைப் பரப்பியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய நோக்கம், அது நல்ல நோக்கம். ஆனால் பாக்கெட் முறை இன்று எங்கே வந்து நிற்கிறது? பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற டை பாக்கெட்டின் உறை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய தாள். பிரித்தெடுக்க முடியாது, காயலான் கடைக்காரரும் வாங்கமாட்டார். அட்டைப்பெட்டி டை என்றால் டியூப், பாட்டில், பிளாஸ்டிக் கையுறை, பிரஷ் என்று ஒரு தலைக்கு ஒரு கூடைக் குப்பை. இவை பக்கிள் ஓடையில் விழுந்தால் போய்ச் சேருகிற இடம் மன்னார் வளைகுடா; 21 தீவுகளும் பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கடல். கடலைக் கெடுப்பது டை பாக்கெட் மட்டுமே என்று சொன்னால் அது பொய். ஆலைக் கழிவுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் முன்னால் இது சிறியது. ஆனால் மாதாமாதம் நம் கையாலேயே போடுகிற குப்பை இது. இன்னொருவரின் அனுமதி கேட்காமல் நிறுத்தக்கூடியதும் இதுதான். மருதாணியும் அவுரியும் கிலோக் கணக்கில் காகிதப் பொட்டலத்தில் வாங்கலாம், எவர்சில்வர் டப்பாவில் காற்றுப்புகாமல் மூடி வைக்கலாம். வேலியில் செடி இருந்தால் இலை பறித்து நிழலில் உலர்த்தி அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். சல்லடையில் நின்ற சக்கை முருங்கை மரத்தடிக்கு.

செடி என்றாலே ஆபத்தில்லை என்று நான் எழுதினால், மூலிகை என்று அச்சடித்தவர்களின் தவறையே நானும் செய்தவனாவேன். மருதாணிப் பொடியிலும் கலப்படம் உண்டு. பச்சைச் சாயம் ஏற்றிய மணல் கலந்த சரக்கு வருகிறது. சிவப்பு சீக்கிரம் ஏறுவதற்காகச் சோடியம் பிக்ரமேட் கலந்த சரக்கும் வருகிறது. நனைத்த உடனேயே அடர் சிவப்போ கறுப்போ காட்டுகிற பொடியை வாங்கக் கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அதிலும் பச்சிளங்குழந்தைகளுக்கு, மருதாணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறைபாடு உள்ள வீட்டில் மருதாணியே வேண்டாம். மற்றவர்களும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பல வருடம் கறுப்புப் பொடி பூசிவந்தவர்கள் முதலில் ஒரு முடிக் கற்றையில் மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26, பெருவிழா ஆகஸ்ட் 5. அந்தப் பத்து நாளைக்கு முன்னால் பெட்டிக்கடையில் டைச் சரம் நீளும். இந்த வருடம் ஜூலை முதல் வாரத்திலேயே காதுக்குப் பின்னால் சோதித்துவிடுங்கள். இரண்டாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை மருதாணி, அன்று மாலையோ மறுநாளோ அவுரி. ஏதாவது ஓர் இடத்தில் நிறம் பிடிக்காமல் போனால் கொடியேற்றத்துக்கு முன்னால் இன்னொரு ஞாயிறு கையில் இருக்கும். அவுரியை மட்டும் நாட்டு மருந்துக் கடையில் இப்போதே சொல்லி வையுங்கள். நீலம் எடுக்கிற அவுரி என்று சொல்லுங்கள்.